கச்சான் இல்லாத மிக்சர்

ஜனவரி 6, திங்கள்

இந்த டயறி அக்கா தந்தது. புதுவருசத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொக்லேட் பெட்டி, எனக்கு மட்டும் டயறி. "உனக்கு இப்ப மறதி கூடிப்போச்சு நகுலா. செய்யிறதுகளை எழுதி வை" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிக் கையில் வைத்தாள். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் நல்லதுக்குத்தானே சொல்கிறாள்.

மறதி என்று அவள் சொன்னது மிக்சர் பைக்கற்றில் ஒட்டுகிற லேபல் சுருளை. மார்கழியில் புதுச் சுருள் ஒன்றைக் குசினி அலுமாரியில் வைத்தேன். நத்தார்ப் பண்டிகை முடிந்து பார்த்தால் இல்லை. நான்தான் ஒட்டி முடித்திருப்பேனாம். அக்காவின் கணவர், அத்தானும் அப்படித்தான் சொன்னார். இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால் மூன்றாவது ஆள் என்ன செய்வது? ஒப்புக்கொண்டேன்.

சரி, எழுதுகிறேன். பேர் நகுலேஸ்வரி. வயது ஐம்பத்து மூன்று. இருப்பது டென்மார்க்கில், ஹெர்னிங் என்ற ஊரில். பள்ளிக்கூடம் ஒன்றில் நிலம் துடைத்துத் துடைத்து முழங்கால் போன பிறகு இந்த மிக்சர் வேலையில் இறங்கினேன். பழைய பேக்கரி ஒன்றின் பின்பக்கக் குசினியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பொரிப்பது, பைக்கற்றில் அடைப்பது, லேபல் ஒட்டுவது எல்லாம் நான். விற்பது அத்தான். அவருக்கும் அக்காவுக்கும் ஊர் நடுவில் தமிழ்க் கடை இருக்கிறது. அங்கிருந்து மற்ற ஊர்க் கடைகளுக்கும் அத்தானின் வான் போகும்.

பைக்கற்றில் 'நகுலா மிக்சர்' என்று இருக்கும். அத்தான்தான் பேர் வைத்தார். "உம்மட கையால செய்யிறது. உம்மட பேர்தான் இருக்கவேணும்" என்றார். அன்றைக்கு அழுதுவிட்டேன். என் மனுசன் செத்து நாலு வருசம், பிள்ளைகளும் இல்லை, என் பேரை இனி யார் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

ஜனவரி 9, வியாழன்

இந்த நாட்டில் சாப்பாடு விற்கிறவர்கள் சட்டத்தோடும் சேர்ந்து குடும்பம் நடத்த வேண்டும். பைக்கற்றில் என்னென்ன இருக்கிறது என்று டேனிஷில் எழுத வேண்டும். ஒவ்வாமை தருகிற சாமான்களைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். உணவுப் பரிசோதகர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். வந்து பார்த்துவிட்டு அறிக்கை தருவார், அதில் ஒரு முகம் இருக்கும். எல்லாம் சரியென்றால் சிரித்த முகம், பிழையென்றால் வாய் கோணிய முகம். அதை வாசற் கதவில் ஒட்டியே ஆக வேண்டும், மறைக்க முடியாது. எனக்கு இதுவரை சிரித்த முகம்தான். காலையில் திறப்பைப் போட்டுத் திறக்கும்போது நானும் அதைப் பார்த்துச் சிரிப்பேன். பைத்தியம் என்று யாராவது நினைக்கட்டும்.

என் மிக்சரில் கச்சான் கிடையாது. லேபலில் தமிழில் 'நிலக்கடலை இல்லை' என்று இருக்கும். இந்தியத் தமிழர்களுக்கும் விளங்க வேண்டுமே என்று அத்தான் அந்தச் சொல்லைப் போட்டார். கச்சான் இல்லாத மிக்சர் ஒரு மிக்சரா என்று கேட்காத யாழ்ப்பாணத்தான் இல்லை. அவர்களுக்கு மதுராவைத் தெரியாது.

மதுரா, கோயிலுக்கு வருகிற சுபாங்கியின் மகள். ஆறு வயது. கச்சான் ஒரு துணிக்கை பட்டாலே தொண்டை அடைத்துவிடும். கோயில் திருவிழாவில் மற்றப் பிள்ளைகள் மிக்சர் தின்ன, அவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பைக்கற்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கச்சான் வாசலே மிதிக்காத குசினி ஒன்று எடுத்துச் செய்தால் என்ன என்று அன்றைக்குத்தான் யோசனை வந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட வெள்ளுள்ளியைத் தோலோடு தட்டிப் பொரித்துப் போடுகிறேன். தோலோடு பொரித்த உள்ளிப்பல் கடிபட்டால் கச்சானை யாரும் தேடமாட்டார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

அக்கா வீட்டில் பொங்கல். சாப்பாட்டில் எங்கு பார்த்தாலும் கச்சான். கச்சான் சம்பல், கத்தரிக்காய்க் கறியிலும் கச்சான். "என்னக்கா, கச்சான் தோட்டம் ஏதும் வாங்கிப்போட்டியளோ?" என்று பகிடி விட்டேன். அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "மலிவாக் கிடைச்சது" என்றாள்.

வீட்டுக்கு வந்து குளித்து, உடுப்பு முழுவதையும் தோய்க்கப் போட்டேன். கச்சான் தின்றால் அடுத்த நாள் குசினிக்குள் கால் வைப்பதற்கு முதல் அப்படித்தான் செய்வேன்.

ஜனவரி 23, வியாழன்

காற்று. அடுப்பை அணைத்துவிட்டுப் பஸ் தரிப்பு வரை போனேன். சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

அத்தான் வந்தார். கோப்பன்ஹேகன் கடைகளும் நோர்வேக் கடைகளும் நகுலா மிக்சர் கேட்கின்றனவாம். கேட்க நெஞ்சு நிறைந்தது. ஆனால் என்னிடம் இருப்பது பொரிக்கிற ஒரு பெரிய தாச்சி, இரண்டு கை, ஒன்றரை முழங்கால். "இதுக்கு மேல ஏலாது அத்தான். அவசரப்பட்டா எண்ணெய் புகைஞ்சு போயிடும், மிக்சர் கசக்கும்" என்றேன்.

"நீர் யோசியாதேயும். இருக்கிறதை நான் பகிர்ந்து குடுக்கிறன்" என்றார். எவ்வளவு பொறுமையான மனுசன். பைக்கற்றின் வாயை ஒட்டுகிற மெசினில் கோளாறு இருப்பதாகச் சொல்லித் திருத்தக் கொண்டுபோனார், அதுவரைக்கும் பாவிக்கக் கடையிலிருந்த சின்ன மெசினைத் தந்தார். எனக்கு ஒரு கோளாறும் தெரியவில்லை. இருந்திருக்கும், நான் கவனித்திருக்கமாட்டேன்.

பெப்ரவரி 8, சனி

அக்கா கச்சான் அல்வா கொண்டுவந்தாள். குசினிக்குள் கொண்டுவர விடவில்லை, வெளியில் காரில் இருந்து தின்றோம். அல்வாவில் உறைப்பு நாக்கில் தட்டியது. "மிளகாய்த்தூள் கொட்டிப்போட்டியளோ?" என்றேன். "இது புது முறை" என்றாள். புது முறையாம். இனிப்பும் உறைப்புமாக வாய்க்குள் ஒரு கலவரம். ஆனாலும் முடித்தேன், அக்கா செய்ததென்று.

கோயிலில் ஒஸ்லோவிலிருந்து வந்த ஒருவர், "நகுலாவெண்டா நீங்கள்தானோ? மிக்சர் அந்தமாதிரி ருசி. இப்ப நல்ல மஞ்சள் நிறமாயும் வருது" என்றார். நான் நிறம் போடுவதே இல்லை. ஒஸ்லோ லைற் வெளிச்சம் அப்படி இருக்கும். நன்றி சொன்னேன்.

இன்னொரு லேபல் சுருளும் கரைந்துவிட்டது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி மறதிக் கதை வரும்.

பெப்ரவரி 15, சனி

மதுரா ஆஸ்பத்திரியில்.

தமிழ்ப் பள்ளிக்கூட இடைவேளையில் மிக்சர் தின்றிருக்கிறாள். என் மிக்சர். இரண்டு வாய்தானாம். உதடு வீங்கி மூச்சு இழுத்திருக்கிறது. அங்கேயே காத்திருந்த சுபாங்கி எப்போதும் பையில் கொண்டு திரிகிற ஊசியைப் போட்டதால் உயிர் தங்கியது. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

என்னால் எழுத முடியவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள், மூக்கில் குழாய். இனிப் பயமில்லை என்று தாதி சொன்னார். சுபாங்கி வெளியே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அன்ரி, நான் இந்த ஊரில எவ்வளவு சாமானின்ர லேபலை வாசிக்கிறனான். உங்கட பைக்கற்றை மட்டும் வாசிக்கிறேல்லை. உங்கட பேர் இருந்தாப் போதும் எண்டு குடுத்தனான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சுவாமி அறையில் இருந்தேன். விளக்கு ஏற்றவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

பரிசோதகர் வந்தார். பேர் ஆனெட். இங்கே ஆபீஸர்மாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்னும் வாய் கூசும். சுபாங்கி கொடுத்த பைக்கற்றைச் சோதித்ததில் கச்சான் இருந்ததாம். தாச்சி, அரிதட்டு, மேசை, கதவின் கைபிடி வரைக்கும் பஞ்சுக் குச்சியால் துடைத்துத் துடைத்துப் போத்தல்களில் போட்டுக்கொண்டார்.

எல்லாக் கடைகளிலும் இருந்து பைக்கற்றுகளைத் திருப்பி எடுக்க வேண்டும். எடுத்தவற்றை அவர் சொல்லும்வரை எறியக்கூடாது.

"கடையில் விற்றது அக்காவின் கணவர். அவரிடமும் கேட்பீர்களா?" என்றேன்.

"கேட்போம். ஆனால் பைக்கற்றில் யாருடைய பேரும் விலாசமும் இருக்கிறதோ அவர்தான் முதலில் பொறுப்பு. சட்டம் அப்படி" என்றார். குரலில் கோபமில்லை.

வாய் கோணிய முகத்தைத் தந்துவிட்டுப் போனார். சிரித்த முகத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, இதை நானே ஒட்டினேன்.

பெப்ரவரி 20, வியாழன்

அக்கா வந்தாள். சமைத்துக்கொண்டு வந்து ஊட்டாத குறையாகத் தந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். நான் அவள் மடியில் கிடந்து அழுதேன். "எப்பிடியக்கா கச்சான் வந்தது? நான் உள்ளுக்கு விடுறதே இல்லையே" என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.

"தை மாசம் ஒரு கலியாணத்துக்குக் கச்சான் போட்டு மிக்சர் செய்து குடுத்தனியெல்லே?"

"அது என்ர வீட்டில, வீட்டுத் தாச்சியில செய்தனானக்கா."

"குசினித் தாச்சியை வீட்டுக்குக் கொண்டுபோனனீ. நான் கண்டனான். கழுவாமல் திருப்பி வைச்சிருப்பாய். நினைவில்லையே உனக்கு?"

நினைவில்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவில்லை. "மறதி எல்லாருக்கும் வாறதுதான் நகுலா. அவர் போன பிறகு நீ நீயாவே இல்லை" என்று தலையை வருடினாள். அவளுடைய விரல் என் தலையில் இருக்கும்போது அந்தத் தாச்சியை நானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்ததுபோல ஒரு காட்சி கண்ணுக்குள் வரத் தொடங்கியது.

பெப்ரவரி 21, வெள்ளி

அந்தத் தாச்சி பஸ் கதவுக்குள் கொள்ளுமா?

பெப்ரவரி 27, வியாழன்

அக்கா சொன்னபடி டொக்டரிடம் போனேன். கடுதாசியில் மணிக்கூட்டுப் படம் ஒன்று கீறச் சொன்னார், கீறினேன். சில சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார், சொன்னேன். "உன் மூளை என்னுடையதைவிட நன்றாக வேலை செய்கிறது. உனக்கு வேண்டியது நித்திரை" என்றார்.

அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று பார்த்தேன். "இவங்களுக்கு எங்கட ஆக்களைப் பற்றி என்ன தெரியும்?" என்று வைத்துவிட்டாள்.

கோயில் வட்சப் குழுவில் என்னைப் பற்றிக் கதைக்கிறார்களாம். 'பாவம், புருசன் போனதிலிருந்து மனுசிக்கு நினைவு தடுமாற்றம்.' அனுதாபம்தான். ஆனால் இதை யார் தொடங்கினார்கள்?

மார்ச் 4, செவ்வாய்

ஆனெட் போன் எடுத்தார். குசினியில் எடுத்த பஞ்சுக் குச்சிகளில் கச்சான் ஒரு துளியும் இல்லையாம். தாச்சியிலும் இல்லை, அரிதட்டிலும் இல்லை.

"அப்படியானால் பைக்கற்றுக்குள் எப்படி வந்தது? பேர் போட்ட எல்லாப் பைக்கற்றும் உங்கள் குசினியில் செய்ததுதானா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். வேறு எங்கே செய்ய?

தாச்சியில் இல்லை என்றால் சந்தோசப்பட வேண்டியவள், இன்னும் குழம்பிப்போனேன். பிழை விட்டவள் நான் என்று இவ்வளவு நாளும் மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

அத்தானும் அக்காவும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து வந்தால் ஏதோ இருக்கிறது. அத்தான் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கதைத்தார்.

"நகுலா, அந்தப் பொம்பிளை அடுத்த கிழமை வருவாவாம். நீர் கலியாணத் தாச்சிக் கதையைச் சொல்லிப்போடும். கழுவினது போதாது, பிறகு நல்லாக் கழுவிப்போட்டன் எண்டு சொல்லும். தெரியாமல் நடந்த பிழைக்கு இவங்கள் பெரிசா ஒண்டும் செய்யமாட்டாங்கள். குற்றக்காசு வந்தா நான் கட்டுறன்."

"நான் தாச்சியைக் கொண்டுபோகேல்லை எண்டுதான் இப்ப நினைக்கிறன் அத்தான்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்தாள். "நினைக்கிறன், நினைக்கிறன் எண்டு சொன்னா அவை இன்னும் தோண்டுவினம். கடையைத் தோண்டுவினம், வானைத் தோண்டுவினம். ஒரு சொல்லோட முடிச்சுவிடு."

ஓம் என்று தலையாட்டினேன். இருபத்தாறு வயதில் விமான நிலையத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து நின்றவளுக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போட்டது அந்த அக்காதான்.

மார்ச் 8, சனி

அத்தானின் வானில் திருப்பி வந்த பைக்கற்றுகள் குசினி முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. எண்ணிப் பார்க்கவில்லை, பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பொரித்தாலும் இவ்வளவு வராது.

ஒன்றை உடைத்துத் தட்டில் கொட்டினேன். ஓமப்பொடி என் அச்சில் பிழிந்ததல்ல, தடிப்பு. மஞ்சள் நிறம் விரலில் ஒட்டியது. கறிவேப்பிலை இல்லை. கிளறிக் கிளறித் தேடினேன், தோலோடு பொரித்த உள்ளிப்பல் ஒன்றுகூட இல்லை. இன்னொன்று உடைத்தேன், அதிலும் இல்லை. மூன்றாவதில் அடியில் ஒரு பாதிக் கச்சான் கிடந்தது. மிளகாய்த்தூள் பிரட்டிய கச்சான்.

வாயில் போட்டேன். இனிப்பு மட்டும்தான் குறைவு. அக்காவின் அல்வாவில் தட்டிய அதே உறைப்பு.

நிலத்தில் இருந்துவிட்டேன். பொங்கலன்று கறியில் கச்சான், சம்பலில் கச்சான், அல்வாவில் கச்சான். மலிவாகக் கிடைத்ததாம்.

மார்ச் 9, ஞாயிறு

போனேன். அக்கா வீட்டுக்கு. அத்தான் கடையில் நின்றார். அக்கா குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பாதிக் கச்சானைக் கடுதாசியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்தேன். அவள் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை.

"எங்கையக்கா வாங்கினனீங்கள்?"

கேத்தலை அணைத்தாள். பிறகு சொன்னாள். ஜெர்மனியில் ஒரு மொத்த வியாபாரியிடம் அத்தான் மூட்டையில் மிக்சர் எடுத்திருக்கிறார். மார்கழியிலிருந்தே. திருத்தவென்று கொண்டுபோன மெசினும் இந்த வீட்டு நிலவறையில்தான் இருந்திருக்கிறது. என் லேபல், என் பேர், உள்ளே எவனோ பொரித்தது.

"கச்சான் போட்ட மிக்சரை என்ர பைக்கற்றில அடைச்சனீங்களோ?"

"ஐயோ, கச்சானோட அடைப்பனே? நான் பொறுக்கினனான் நகுலா!" அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "சுளகில கொட்டி, அரிசியில கல்லுப் பொறுக்கிற மாதிரி ஒவ்வொண்டாப் பொறுக்கினனான். கண்ணும் போச்சு, நாரியும் போச்சு. எறிய மனமில்லாமல் அதைத்தான் சமைச்சது. ஒண்டு ரெண்டு தப்பியிருக்கும், அதுக்கு நான் என்ன செய்ய?"

"தப்பினதில்லையக்கா பிரச்சினை. தூள் இருக்கும். அதைப் பொரிச்ச எண்ணெய் எல்லாத்திலயும் இருக்கும். பொறுக்கினாப் போகாது."

"கச்சான்தானே. நஞ்சே?"

"மதுராவுக்கு நஞ்சு."

அவள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள். சீனி போட்டுக் கலக்கியும் தந்தாள், இந்த நேரத்திலும் கை பழக்கத்தை விடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உனக்குப் பிள்ளை குட்டியில்லை, கடையில்லை. ஒரு குசினி போனா இன்னொண்டு எடுக்கலாம். எங்களுக்குக் கடை போனா எல்லாம் போச்சு. அதாலதான் அவர் உன்ர பேரைப் போடச் சொன்னவர். ஒண்டு நடந்தாலும் கடைக்கு வராதெண்டு."

அவள் இதைச் சொல்ல நினைத்திருக்கமாட்டாள். வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் வந்துவிட்டது. அந்தப் பேரைக் கேட்டு நான் அழுத அன்றைக்கு இவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்.

"லேபல் சுருள்?"

"நான்தான் எடுத்தனான்."

"அப்ப என்ர மறதி?"

அக்கா கரண்டியைக் கழுவப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ஒரு கரண்டியைக் கழுவ எவ்வளவு நேரம் வேண்டும்?

ஏமாற்றினதைக்கூட விடலாம். காசு ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் என் தலையை மடியில் வைத்து எண்ணெய் பூசிக்கொண்டே என் புத்தியில் கை வைத்தாளே! நான் அழ அழ, தான் செய்ததை என் தலைக்குள் ஊற்றினாளே! அந்த விரலை நினைக்க இப்போதும் தலை கூசுகிறது. தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

தலைக்கு மூன்று தரம் ஷாம்பு போட்டுத் தோய்ந்தேன்.

மார்ச் 12, புதன்

ஆனெட் வந்தார். அத்தான் காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை.

ஆனெட் தாச்சிக் கதைக்காகக் காத்திருக்கவில்லை. மறுபடி அதே கேள்வியைத்தான் கேட்டார். பேர் போட்ட எல்லாப் பைக்கற்றும் இந்தக் குசினியில் செய்ததுதானா?

ஓம் என்று சொன்னால் வேலை முடிந்தது. ஒரு சொல்தான். அக்காவின் கடைக் கதவில் சிரித்த முகம் அப்படியே இருக்கும், என் கதவில் கோணிய முகம் இருக்கும், சுபாங்கியும் ஊரும் என்னைப் பார்த்து, பாவம், நினைவு தடுமாறிய மனுசி என்று சொல்லிக்கொண்டிருக்கும். நானும் கொஞ்ச நாளில் அதையே நம்பிவிடுவேன். ஏற்கெனவே பாதி நம்பியவள்தானே.

"இல்லை" என்றேன்.

திருப்பி வந்ததில் ஒரு பைக்கற், நான் பொரித்ததில் மிஞ்சியிருந்த ஒரு பைக்கற், இரண்டையும் இரண்டு தட்டில் கொட்டினேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. இரண்டையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அக்காதான் என்று டேனிஷில் சொல்லிப் பார்த்தேன். அந்த மொழியில் அக்கா என்று கூப்பிட ஒரு சொல் இல்லை, வெறும் சகோதரிதான். அப்படிச் சொன்னது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"இது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும்" என்றார் ஆனெட். "ஆனால் உங்கள் கதவில் உள்ள முகத்தை நான் இன்று மாற்ற முடியாது. பேர் உங்களுடையது. லேபல் எங்கே போகிறது என்று பார்த்திருக்க வேண்டியதும் நீங்கள்தான்."

அது சரிதான். அதில் எனக்குக் கோபமில்லை.

மார்ச் 13, வியாழன்

சுபாங்கி வீட்டுக்குப் போனேன். மதுரா உள்ளே படம் பார்க்கிற சத்தம் கேட்டது, சிரித்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

சுபாங்கி கேட்டு முடித்தாள். "ஆர் அடைச்சதெண்டு பிள்ளையின்ர தொண்டைக்குத் தெரியுமே அன்ரி?" என்றாள்.

உள்ளே வரச் சொல்லவில்லை. கதவை அடித்துச் சாத்தவும் இல்லை. மெதுவாகச் சாத்தினாள்.

மார்ச் 22, சனி

அத்தானின் கடைக் கதவிலும் வாய் கோணிய முகம் ஒட்டியாயிற்றாம். நிலவறையிலிருந்து மூட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்களாம். வழக்கும் வரும் என்கிறார்கள். கோயில் குழுவில் இப்போது கதை மாறிவிட்டது: மனுசிக்கு நினைவெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மனசாட்சிதான் இல்லை, கூடப்பிறந்தவளையே காட்டிக்குடுத்திட்டாள். நேற்று வரைக்கும் பாவம், இன்றைக்குப் பாவி.

மிஞ்சிக் கிடந்த பழைய லேபல் எல்லாவற்றையும் கிழித்தேன். என் பேரைக் கிழிக்கக் கை வராது என்று நினைத்தேன், வந்தது.

ஏப்ரல் 5, சனி

பெட்டிகளெல்லாம் போய், குசினியைக் கழுவித் துடைத்த பிறகு இன்றைக்குத்தான் முதல்முறையாக அடுப்பு மூட்டினேன். விற்க இல்லை. ஆனெட் மறுபடி வரும்போது காட்டவும், என் கைக்குக் காட்டவும். எண்ணெயில் உள்ளியைப் போட்ட நேரம் அக்கா போன் எடுத்தாள். இவ்வளவு நாளைக்குப் பிறகு. எடுத்தேன்.

முதலில் அழுகைதான் கேட்டது. நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. ஐம்பது வருசத்து அக்கா.

"அந்தக் குளிருக்க என்ர கோட்டைக் கழட்டி உனக்குப் போட்டனான். எல்லாத்தையும் எப்பிடி மறந்தனீ, நகுலா?"

"எனக்கு மறதி இல்லையக்கா" என்றேன். "அதுதான் கரைச்சல்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

உள்ளி கருகிவிட்டது. எறிந்துவிட்டுப் புதிதாகத் தட்டிப் போட்டேன். பொரித்து முடித்து, தாச்சியைக் கழுவி, அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தேன். பஸ் வரப் பிந்தியது. அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போகவில்லை.